பவானி: இரண்டு ஆறு, ஒரு வாய்க்கால்

பவானிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் காரியம் செய்யத்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை என்றால் கூடுதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. விடிகாலையில் வேனில் வந்து இறங்குவார்கள். பிண்டம் கரைத்து, மூன்று முங்கு முங்கி, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பஸ் நிலையத்துப் பக்கம் டிபன் சாப்பிட்டு, பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். கை வசம் நேரம் இருந்தால் ஒரு ஜமக்காளம் வாங்குவார்கள். பவானியைப் பார்த்தாயிற்று என்று ஊரில் போய்ச் சொல்லவும் செய்வார்கள்.

விவசாயக் குடும்பத்துக்காரர்கள் அப்படித் திரும்பிப் போவது கொஞ்சம் வருத்தமான விஷயம். கூடுதுறையிலிருந்து சிறிது தூரத்தில், பவானி ஆற்றின் குறுக்கே, 740 ஆண்டுகளாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கும் ஓர் அணை இருக்கிறது. அதில் பிரியும் வாய்க்காலை நம்பி இன்றைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மஞ்சளும் நெல்லும் வாழையும் வைக்கின்றன. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்களில் பத்தில் ஒருவராவது அந்த அணையைக் குனிந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

முதலில் ஊர் அமைந்த இடத்தைச் சொல்லிவிடலாம். ஈரோட்டிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். சேலம் - கோவை நெடுஞ்சாலையில் லட்சுமி நகரில் பிரிந்தால் ஊருக்குள் வந்துவிடலாம். வடக்கே மேட்டூரிலிருந்து காவிரி இறங்கி வருகிறது. மேற்கிலிருந்து பவானி வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மூக்கு போன்ற நிலத்தின் நுனியில் சங்கமேஸ்வரர் கோயில். காவிரிக்கு அக்கரையில் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், பவானிக்குத் தென்கரையில் காலிங்கராயன்பாளையம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் அடியில் வந்து கலப்பதாக நம்பிக்கை. அதனால் முக்கூடல் என்றும் சொல்வார்கள். வடக்கே ஊராட்சிக்கோட்டை மலை நிற்கிறது. தலபுராணம் இதை வேதகிரி என்கிறது.

பவானி ஆறு வந்த வழி வேடிக்கையானது. நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகச் சுற்றி மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று. கபினி, பாம்பாறு, பவானி. மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிசாகரில் மாயாற்றைச் சேர்த்துக்கொண்டு, சத்தியமங்கலம், கொடிவேரி வழியாக இங்கே வந்து காவிரியில் விழுகிறது. மொத்தம் சுமார் 217 கிலோமீட்டர் ஓட்டம்.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈரோட்டுச் சமவெளிக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் பூமி இது. ஆனால் பவானி ஆற்றுக்கு நீர்ப்பிடிப்பு நீலகிரியும் அட்டப்பாடியும் என்பதால், தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும் ஆனி, ஆடியிலேயே இங்கே ஆறு பெருகிவிடும். தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை விழாத நாளில் கரை தொட்டு ஓடும் ஆறு என்பது பயிர் வைக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய வரம்! வைகாசி, ஆனியில் மஞ்சள் நட்டு, தை, மாசியில் வெட்டும் பழக்கம் இந்தக் கரையோரத்தில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரின் பழைய பெயர் திருநணா. ஞானசம்பந்தர் பாடிய தலம். கொங்கு நாட்டின் ஏழு பாடல்பெற்ற தலங்களில் ஒன்று. தலமரம் இலந்தை. சிவன் கோயிலுக்குள்ளேயே ஆதிகேசவப் பெருமாளும் இருக்கிறார் என்பதால், ஒரே வாசலில் இரண்டு தரிசனம் முடிந்துவிடும். 17-ஆம் நூற்றாண்டில் தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள் இங்கே திருப்பணி செய்திருக்கிறார்கள். 1799 வரை மைசூர் ஆட்சி. பிறகு கும்பெனியார் கைக்குப் போனதும், கோவைச் சீமையை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்து, வடக்குப் பிரிவுக்குப் பவானியையும் தெற்குப் பிரிவுக்குத் தாராபுரத்தையும் தலைமையிடம் ஆக்கினார்கள். 1804-ல் எல்லாம் ஒன்றாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. ஐந்து வருஷப் பெருமைதான். ஆனாலும் இன்றைக்கும் உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டத் தவறுவதில்லை.

அந்தக் காலத்துக் கலெக்டர் வில்லியம் கேரோ பற்றிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மழை ராத்திரியில் சிறு பெண் ஒருத்தி வந்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போக, அவர் படுத்திருந்த கட்டடம் இடிந்து விழுந்ததாம். வந்தவள் வேதநாயகி அம்மனே என்று நம்பி, 1804-ல் தந்தத்தால் ஆன தொட்டில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தார். அவர் கையெழுத்தோடு அது இன்னும் இருக்கிறது. வெளியே நின்று அம்மனைப் பார்ப்பதற்காக மதிலில் போட்ட மூன்று துவாரங்களையும் காட்டுவார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டினால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஜமக்காளம் வேறு விதமான கதை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத்துணி வந்து உள்ளூர் நெசவைக் கவிழ்த்தபோது, இங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டு நூலில் சாயம் ஏற்றி, பட்டை பட்டையாக விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். மில் துணி போட்டி போட முடியாத பொருளாகப் பார்த்துப் பிடித்தார்கள் என்பதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். குழித்தறியில் அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்வார்கள். கல்யாணப் பந்தியிலிருந்து பஞ்சாயத்துக் கூட்டம் வரைக்கும் கொங்கு நாட்டில் இது விரிக்காத இடம் கிடையாது. 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் சோலாப்பூர்ப் பக்கமிருந்து விசைத்தறி விரிப்புகள் அதே பெயரில் வந்து பாதி விலைக்கு விற்கின்றன. தறியில் உட்காரும் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் கூட்டுறவுச் சங்கக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. அசல் ஜமக்காளம் கனமாக இருக்கும், துவைத்தால் திரும்பவும் நிமிரும், பத்து வருஷம் உழைக்கும். அரிசியும் மஞ்சளும் காயப்போடுவதற்குக்கூடச் சிலர் பழைய ஜமக்காளத்தைத்தான் விரிக்கிறார்கள்.

இனி அணைக்கு வரலாம்.

பவானி ஆறு காவிரியில் விழுவதற்குச் சற்று முன்னால், அதன் குறுக்கே கல்லால் ஒரு அணை கட்டி, தென்கரையில் ஒரு வாய்க்காலைத் திருப்பினார் காலிங்கராயன். கொங்குப் பாண்டியர் காலம். 1271-ல் தொடங்கிய வேலை, 12 வருஷம் நடந்து 1283-ல் முடிந்ததாகச் சொல்வார்கள். வாய்க்கால் ஈரோடு வழியாகப் போய், கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையாபாறையில் நொய்யலில் முடிகிறது. சுமார் 90 கிலோமீட்டர் நீளம். பாசனம் சுமார் 15,700 ஏக்கர்.

தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் 50 கிலோமீட்டர்தான் இருக்கும். அப்படியானால் இவ்வளவு நீளம் எதற்கு? வாய்க்கால் வளைந்து வளைந்து போகிறது. கோணவாய்க்கால் என்றே அதற்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அது போன தடத்திலேயே வெட்டினார்கள் என்பது கரையோரத்துக் கதை.

பாம்பு கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். வெட்டியவர்களுக்கு நிலமட்டம் தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. காவிரி பக்கத்திலேயே ஓடினாலும் அது பள்ளத்தில் ஓடுகிறது. மோட்டார் இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற முடியாது. பவானி ஆற்றில் கொஞ்சம் உயரத்தில் தண்ணீரைப் பிடித்து, அந்த உயரத்தை அநியாயமாக இழந்துவிடாமல், காவிரியின் மேற்குக் கரைக்குச் சற்று மேலே மேலேயே கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரே வழி, மேடு வந்தால் ஒதுங்கி, பள்ளம் வந்தால் உள்வாங்கி, ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு மிக மெல்லிய சரிவில் போவதுதான். இன்றைக்கு வரப்பு சமமட்டத்தில் போட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் இதே பாடம். வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் அகப்பட்ட நிலம் முழுக்கத் தானாகவே பாய்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் வேண்டாம்.

இந்தப் பேச்சு கரையோரத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. காலேஜ் லீவில் வந்த பேரன் ஒருவன் மடை திருப்பிக்கொண்டே கேட்பான்:

"ஏனுங் அப்பாரு, காவேரி அந்தா தெரியுதுங்களே, அதை உட்டுட்டு எதுக்குங்க பவானியில போயி வாய்க்கா வெட்டுனாங்க?"

"காவேரி கண்ணுக்குத்தான் கிட்ட கண்ணு, தண்ணிக்கு எட்டம். அது கீழ ஓடுது. மேல இருந்து வந்தாத்தான தண்ணி நம்ம சொன்ன பேச்சு கேட்கும்?"

அப்பாரு சொன்னதைவிடத் தெளிவாகப் பாடப் புத்தகத்தில் இல்லை.

இன்னொரு வழக்கையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். காலிங்கராயன் தன் சொந்த லாபத்துக்காகத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று யாரோ பேசிவிட்டார்களாம். அது காதில் விழுந்ததும், நானும் என் வம்சமும் இந்த வாய்க்கால் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டார் என்பார்கள். அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று பிரிக்க முடியாது. ஆனால் தை மாதம் 5-ஆம் தேதியைக் காலிங்கராயன் நாளாக வைத்துப் பாசன விவசாயிகள் பொங்கல் முடிந்த கையோடு வாய்க்காலுக்குப் பூப்போட்டுக் கும்பிடுவது கண்முன் நடப்பது. காலிங்கராயன்பாளையத்தில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது.

அந்த வாய்க்காலின் இன்றைய நிலைமை என்ன? இங்கேதான் பேச்சு கசக்கிறது.

வாய்க்கால் போகும் வழியில் ஈரோடு வளர்ந்துவிட்டது. சாயப்பட்டறை, தோல் பட்டறை, ஊர்ச் சாக்கடை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரிவாக ஓடும் வாய்க்கால் வசதியாகப் போய்விட்டது. ராத்திரியில் திறந்துவிட்டால் காலையில் தண்ணீர் நிறம் மாறி வரும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கழிவு கலக்காமல் இருக்க ஈரோட்டுப் பகுதியில் வாய்க்காலை ஒட்டியே தனியாக ஒரு சின்ன வாய்க்கால் கட்டினார்கள். ஜனங்கள் அதற்குப் பேபி வாய்க்கால் என்று பேர் வைத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழிவைத் தனியாகக் கொண்டுபோவதும் கழிவைச் சுத்தம் செய்வதும் ஒன்றாகாது. கொண்டுபோன கழிவு கடைசியில் ஏதாவது ஓர் ஆற்றுக்குத்தானே போக வேண்டும்?

தண்ணீர் கெட்டால் முதலில் காட்டிக்கொடுப்பது மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியே பி.எஸ்.ஆர். ரகங்கள் இருக்கின்றன. இவ்வளவு பேர் வாங்கிய பயிர், உப்பைத் தாங்குவதில் ரொம்பவும் பலவீனம். இந்த வட்டாரத்துக் கேள்விகளில் அடிக்கடி வருவது, மஞ்சள் இலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகிக்கொண்டு வருகிறது, எந்த மருந்து அடிக்கலாம் என்பது. பெரும்பாலானவர்கள் இலைப்புள்ளி என்று நினைத்துப் பூஞ்சாணக் கொல்லி வாங்கி அடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். இலைப்புள்ளி இலையின் நடுவிலும் பழுப்புப் புள்ளிகளாக வரும். சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். நுனியும் ஓரமும் மட்டும் வரிசையாகக் கருகினால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். வாய்க்கால் என்றால் கரையோரத்தில் தேங்கிய தண்ணீரை எடுக்காமல் ஓட்டத்தின் நடுவில் எடுக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், தேதி எழுதி அன்றைக்கே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். மின் கடத்தும் திறன் 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.75 முதல் 2.25 வரை என்றால் வடிகால் நன்றாக இருக்கும் நிலத்தில் சமாளிக்கலாம். 2.25-க்கு மேல் போனால் மஞ்சளையும் வாழையையும் மறந்துவிட்டு, தென்னை, பருத்தி போன்றவற்றுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஜிப்சம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஜிப்சம் மண்ணில் சோடியம் ஏறிக் களர் ஆகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும் நிலத்துக்கு. வெறும் உவர் நிலத்தில், அதாவது உப்பு மட்டும் மிகுந்த நிலத்தில், உப்பை நல்ல தண்ணீரால் கீழே கழுவி வடிகாலில் வெளியேற்றினால்தான் உண்டு. பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டுவது காசை வாய்க்காலில் விடுவது மாதிரிதான். வாய்க்காலில் நல்ல தண்ணீர் வரும் ஆடி, ஆவணியில் தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் இரண்டு வகை நிலத்துக்குமே நல்லது.

பவானி ஆற்றுத் தண்ணீரைப் பங்கு போடும் கதை தனியாக ஒரு கட்டுரைக்கு ஆகும். சுருக்கமாகச் சொன்னால், 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையில் 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. அதிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் போய் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஒரு பாதி ஆயக்கட்டுக்கு நெல்லுக்குத் தண்ணீர் என்றால், மற்றப் பாதிக்குக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அணைக்கும் முன்னாலிருந்தே பாயும் கொடிவேரியின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் காலிங்கராயனும் பழைய பாசனம். அவர்களுக்கு உரிமை மூத்தது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் பழைய பாசனத்துக்கும் புதுப் பாசனத்துக்கும் உரசல் வராமல் இருக்காது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் குறை சொல்வதும், கடைமடைக்காரர் எல்லோரையும் குறை சொல்வதும் எல்லா ஆற்றுக்கும் உள்ளதுதான்.

இப்போது அந்தப் பங்கில் புதிதாக ஒரு தரப்பு சேர்ந்திருக்கிறது. காலிங்கராயன் அணைக்குக் கீழே வழிந்துபோகும் உபரி நீரை மோட்டார் வைத்து எடுத்து, குழாயில் அவிநாசி, பெருந்துறை, அன்னூர்ப் பக்கத்து வறண்ட ஊர்களுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருஷத்துக்கும் மேலான கோரிக்கை. 1.5 டி.எம்.சி. தண்ணீரில், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்ப வேண்டும். வினாடிக்கு 250 கனஅடி வீதம் எடுத்தால் 70 நாள் எடுக்க வேண்டும் என்பது கணக்கு. அதாவது அணையைத் தாண்டி உபரி வழிய வேண்டும். அதுவும் 70 நாள் வழிய வேண்டும். நீலகிரியில் மழை தவறும் வருஷத்தில் குழாய் சும்மாதான் கிடக்கும். குளத்தில் தண்ணீர் வந்துவிட்டது என்று உடனே வாழைக்கு மாறிவிடாமல், இரண்டு மூன்று வருஷம் கிணற்று மட்டம் எப்படி ஏறுகிறது என்று கயிறு விட்டு அளந்து குறித்துவைத்துப் பிறகு முடிவு எடுப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நல்லது. சரிவைப் பார்த்து ஏழு நூற்றாண்டுக்கு முன் தண்ணீர் பிரித்த அதே இடத்திலிருந்து இப்போது சரிவுக்கு எதிராகத் தண்ணீர் ஏறுகிறது. நேரம் கிடைத்தால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

பவானிக்குக் காவிரிப் பக்கத்துக் கவலையும் உண்டு. மேட்டூரில் அணை நிரம்பி ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி திறந்துவிட்ட 2018, 2022 ஆகஸ்டு மாதங்களில் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்து, குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் தங்க வேண்டி வந்தது. வெள்ளம் இல்லாத நாளில் ஊராட்சிக்கோட்டைக் கதவணைக்குப் பின்னால் காவிரி ஏரி போலத் தேங்கி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்துக்கு முன்னால் அதைக் கரையேற்றி, சாணக்கரைசலோடு அடுக்கி மக்கவைத்தால் நல்ல உரம். பூக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், விதை விழுந்துவிட்டால் வயலுக்கே ஆபத்து. சாயக்கழிவு கலக்கும் இடத்தில் எடுத்த ஆகாயத்தாமரையை மட்டும் உரத்துக்கு எடுக்கவே கூடாது. அது தண்ணீரிலிருக்கும் ஈயம், குரோமியம் போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி.

கூடுதுறைக்கு வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம். அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி மக்கிப்போகும். இன்றைய பாலியஸ்டர் மக்காது. அது அடித்துக்கொண்டு போய் அடுத்த ஊர்க்காரர் ஆற்றுக்குப் போட்ட மோட்டாரின் புட்வால்வில் சுற்றிக்கொள்ளும். துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடுவதால் பித்ருக்கள் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

போக நல்ல காலம் ஆடி. 18-ஆம் பெருக்கன்று முளைப்பாரியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு பெண்கள் கூடுதுறைக்கு வருவார்கள். அதே மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாவும் நடக்கும். பவானியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். குதிரைச் சந்தைக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர்போன திருவிழா. மலையிலிருந்து இறங்கும் பர்கூர் மாடுகளைச் செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வாங்குகிறவர்கள் பல்லையும் குளம்பையும் பார்ப்பதோடு, பர்கூர் மாடு கொஞ்சம் முரட்டுக்குணம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் கன்றாக வாங்கிப் பழக்கினால்தான் சமவெளித் தோட்டத்தில் கட்டிவைக்க முடியும். காலையில் கூடுதுறை, பிறகு காலிங்கராயன் அணை, மத்தியானத்துக்கு மேல் அந்தியூர் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியும். அணைப் பக்கம் ஆற்றில் நீர்வரத்து அதிகமாக இருந்தால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. பிள்ளைகளை இறங்க விடக்கூடாது.